ஜப்பானில் கம்பனி, பஞ்சிகாவத்தையில் கடை: தொழில் விசாவோடு 2018 முதல் இன்று வரை

வெளிநாட்டவர் ஜப்பானில் கம்பனி நடத்த எடுக்கும் ‘பிஸ்னஸ் மேனேஜர்’ விசாவுக்கு வேண்டிய குறைந்தபட்ச மூலதனம் 2025 ஒக்டோபர் 16ஆம் திகதி 50 லட்சம் யென்னிலிருந்து 3 கோடி யென்னாக ஏறியது. ஒரே நாளில் ஆறு மடங்கு. அதற்குப் பிறகு கொழும்பில் பஞ்சிகாவத்தைப் பக்கம் வந்தாலே என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: “இனி எங்களுக்கு அது சரிவருமா அண்ணே?”

நான் 2018இல் பழைய விதியில் போனவன். எங்கள் குடும்பத்துக்குப் பஞ்சிகாவத்தையில் வாகன உதிரிப்பாகக் கடை இருக்கிறது. அதைத் தம்பி பார்த்துக்கொள்கிறான். வருடத்தின் பெரும்பகுதி நான் ஜப்பானில் இருந்து, ரீகண்டிஷன் வாகனங்களும் பாகங்களும் வாங்கி ஏற்றுமதி செய்கிறேன். விசா எடுப்பது பற்றி எல்லோரும் கதைக்கிறார்கள். எடுத்த விசாவைக் காப்பாற்றுவது பற்றிச் சொல்ல ஆள் இல்லை. பணமும் பொறுமையும் கூடுதலாகச் செலவாவது அங்கேதான்.

கம்பனி பதிவது அவ்வளவு கடினமில்லை. பிரதிநிதி இயக்குநர்களில் ஒருவராவது ஜப்பானில் குடியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையை 2015 மார்ச்சிலேயே எடுத்துவிட்டார்கள். ‘கபுஷிகி கைஷா’ எனும் பங்குக் கம்பனி என்றால் பதிவு வரி குறைந்தது 150,000 யென், ‘கோதோ கைஷா’ எனும் எளிய வகைக் கம்பனி என்றால் 60,000 யென். எங்களிடம் ஜப்பானியர் போல முத்திரைச் சான்றிதழ் கிடையாது. அதனால் கொழும்பில் நொத்தாரிசு முன்னால் கையெழுத்துச் சான்றிதழ் எடுத்து, ஜப்பானிய மொழிபெயர்ப்போடு அனுப்பினேன்.

சிக்கல் வங்கியில். வதிவிட அட்டை இல்லாமல் கணக்குத் திறக்க முடியாது. விசா இல்லாமல் வதிவிட அட்டை இல்லை. மூலதனம் கணக்கில் விழாமல் கம்பனி இல்லை, கம்பனி இல்லாமல் விசா இல்லை. அங்கே நிரந்தர வதிவிடம் உள்ள ஒரு நண்பர் சிறு பங்கோடு கம்பனியில் சேர்ந்து, தன் கணக்கில் மூலதனத்தை வாங்கித் தந்ததால்தான் இந்தச் சுற்று உடைந்தது. அப்படி நம்பக்கூடிய ஆள் அங்கே இல்லாதவர்கள் அவரைத் தேடுவதிலிருந்து தொடங்குங்கள். பிறகு கம்பனிக் கணக்குக்குப் போனபோதும் ஒரு பெரிய வங்கி காரணமே சொல்லாமல் மறுத்தது. ஊர்ச் சிறு வங்கி ஒன்று அலுவலகத்தை நேரில் வந்து பார்த்துவிட்டுத் திறந்து தந்தது.

பணத்தை எப்படி அனுப்பினேன் என்றும் சொல்ல வேண்டும். 2017ஆம் ஆண்டு 12ஆம் இலக்க அந்நியச் செலாவணிச் சட்டத்தின் கீழ், வெளிநாட்டு முதலீட்டுக்கென்றே வங்கியில் தனிக் கணக்கு திறக்கலாம். அதன் வழியாகத்தான் போனது. உண்டியல், அதாவது வங்கிக்கு வெளியே ஆட்கள் மூலம் பணம் மாற்றுவது, சுகம், ஒரு தொலைபேசி அழைப்பில் முடியும் என்று சொன்னவர்கள் உண்டு. ஆனால் ஜப்பானியக் குடிவரவு அலுவலகம் மூலதனம் எப்படிச் சேர்ந்தது, எந்த வழியில் வந்தது என்று தாளில் கேட்கிறது. உண்டியலுக்கு ஏது தாள்?

போன மாதம் கடைக்கு வந்த ஒரு தம்பி கேட்டார்: “மூணு கோடியக் காட்டிட்டுத் திருப்பி எடுத்தாச் சரி என்டு சொல்றாங்களே?” அப்படிச் சொல்கிற தரகர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். “முதல்ல எங்கயிருந்து வந்தது என்டு கேப்பாங்க. அடுத்த முறை கணக்குல அது எங்க போச்சு என்டு கேப்பாங்க. ரெண்டுக்கும் பதில் இருக்கா தம்பி?” என்றேன்.

விசாவுக்கு முன் ஜப்பானியக் குடிவரவு அலுவலகம் தரும் தகுதிச் சான்றிதழ் அப்போது தாளாகக் கூரியரில் வந்தது. மூன்று மாதம்தான் செல்லும். 2023 மார்ச்சிலிருந்து மின்னஞ்சலிலும் வாங்கலாம். அதைக் கொழும்பு கிரகரி வீதியிலுள்ள ஜப்பானியத் தூதரகத்தில் கொடுத்தபோது விசா தாமதமில்லாமல் வந்தது. அந்தக் கட்டம் உண்மையிலேயே எளிது.

அலுவலகம் பற்றிக் கொஞ்சம் விரிவாக. மேசையைப் பகிரும் இடமோ வெறும் முகவரியோ எடுபடாது. கம்பனி பெயரில், தொழில் தேவைக்கு என்று எழுதிய வாடகை ஒப்பந்தம் வேண்டும். கதவிலுள்ள பெயர்ப் பலகை, தபால் பெட்டி, மேசை, தொலைபேசி எல்லாவற்றையும் படம் பிடித்து விண்ணப்பத்தோடு வைத்தோம். பாவித்த வாகனம் வாங்கி விற்க பொலிஸிடம் ‘கொபுட்சு’ எனும் பழைய பொருள் வியாபார உரிமம் எடுக்க வேண்டும், கட்டணம் 19,000 யென். அதற்கு ஒரு பலகை உண்டு: 8 சென்டிமீட்டருக்கு 16 சென்டிமீட்டர், கடும் நீலத்தில் வெள்ளை எழுத்து, உரிம எண்ணோடு. அதை ஆட்கள் பார்க்கும் இடத்தில் மாட்டியிருக்க வேண்டும். வங்கிக்காரர் வந்தபோது முதலில் பார்த்தது அந்தப் பலகையைத்தான்.

இனி, என் கம்பனியை உண்மையில் வாழவைத்த விஷயம். ஜப்பானில் வாகனம் வாங்கும்போது 10 வீதம் நுகர்வு வரி கட்டுகிறோம். ஏற்றுமதிக்கு அந்த வரி இல்லை, கட்டியதைத் திரும்பப் பெறலாம். ஆனால் ஒரு கோடி யென்னுக்குக் குறைந்த மூலதனத்தோடு தொடங்கும் கம்பனி பொதுவாக முதல் இரண்டு நிதியாண்டுகளுக்கு அந்த வரியிலிருந்து விலக்குப் பெற்றது. விலக்குப் பெற்றவருக்குத் திருப்பிக் கொடுக்க எதுவும் இல்லை. சலுகை மாதிரித் தெரியும் இது ஏற்றுமதிக்காரனுக்குப் பெரிய நட்டம். ‘நான் வரி செலுத்துபவனாக இருக்க விரும்புகிறேன்’ என்று முதல் நிதியாண்டு முடிவதற்குள் வரி அலுவலகத்தில் ஒரு படிவம் கொடுத்துவிட வேண்டும். எங்கள் வரிக் கணக்காளர், அவர்களை அங்கே ‘ஸெய்ரிஷி’ என்பார்கள், சந்தித்த முதல் நாளே அந்தப் படிவத்தை மேசையில் வைத்தார். இலாபம் மெலிந்த இந்தத் தொழிலில் 10 வீதம் என்பது இருப்பதா போவதா என்ற கேள்வி. நல்ல கணக்காளருக்குக் கொடுக்கும் காசில் பேரம் பேசாதீர்கள்.

2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு அந்தக் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். என் வியாபாரத் திட்டத்தில் எழுதியிருந்த சந்தையே இல்லாமல் போனது. உதிரிப்பாகம் மட்டும் கொழும்புக்கு வந்தது. 2022இல் ரூபாய் சரிந்து டொலர் 200இலிருந்து 360ஐத் தொட்டபோது அதுவும் சுருங்கியது. கென்யத் துறைமுகமான மொம்பாசாதான் கைகொடுத்தது. கென்யாவிலும் நம்மைப்போல வலப்பக்க ஸ்டியரிங்தான், வாகனத்தின் வயது எட்டு வருடத்துக்கு மேல் போகக் கூடாது. எட்டு வயதுக்குள் உள்ள சிறிய கார்களுக்கு அங்கே நல்ல கிராக்கி. ஆட்களைப் பிடித்து, முதல் கப்பல் போக மாதங்கள் எடுத்தன. அந்த நிதியாண்டு நட்டத்தில் முடிந்தது.

இந்த விசா என்ன விசா என்று புதுப்பிக்கும்போதுதான் தெரியும். கம்பனியின் நிதிநிலை அறிக்கை, வரிக் கணக்கு, வரி கட்டிய சான்று எல்லாவற்றையும் வைத்துத் தொழில் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். ஒரு வருட நட்டத்துக்காக யாரையும் துரத்துவதில்லை. ஆனால் விளக்கம் வேண்டும். கென்ய ஒப்பந்தங்கள், கப்பல் பத்திரங்கள், கணக்காளரின் மதிப்பீடு எல்லாம் சேர்த்துக் கொடுத்தோம். மறுபடியும் ஒரு வருடம் தந்தார்கள். தொழில் நிமிர்ந்த பிறகுதான் மூன்று வருட விசா வந்தது. அந்தப் பரிசோதனை நியாயமானது என்றே நினைக்கிறேன். காகிதக் கம்பனி வைத்திருப்பவருக்கும் உழைப்பவருக்கும் அது வித்தியாசம் காட்டுகிறது.

நட்டமாக இருந்தாலும் கட்ட வேண்டியவை உண்டு. டோக்கியோ நகரப் பகுதியில் சிறு கம்பனிக்குத் தலைவரி, அதாவது இலாபம் பாராமல் எடுக்கும் உள்ளூர் வரி, வருடம் 70,000 யென். இயக்குநர் சம்பளம் எடுத்தால் சமூகக் காப்புறுதி கட்டாயம். அதில் ஓய்வூதியம் மட்டும் சம்பளத்தில் 18.3 வீதம். பாதி கம்பனி, பாதி நீங்கள். ஆனால் சிறு கம்பனியில் இரண்டும் ஒரே சட்டைப் பையிலிருந்துதான் போகும்.

இப்போதைய விதியில் பணம் ஒரு பகுதிதான். ஜப்பானியர், நிரந்தர வதிவிடக்காரர் போன்றவர்களில் ஒருவரையாவது முழுநேர ஊழியராக வைத்திருக்க வேண்டும். உங்களுக்கோ முழுநேர ஊழியருக்கோ ஜப்பானிய மொழிப் பரீட்சையின் என்2 அளவில் மொழியறிவு வேண்டும். மூன்று வருட முகாமை அனுபவம், இல்லையென்றால் துறை சார்ந்த முதுகலைப் பட்டம். வியாபாரத் திட்டத்தைத் தகுதியுள்ள நிபுணர் ஒருவர் சரிபார்த்திருக்க வேண்டும். காரணமில்லாமல் நீண்ட காலம் நாட்டுக்கு வெளியே இருந்தாலும் புதுப்பிப்பு கிடைக்காமல் போகலாம். கொழும்பில் உட்கார்ந்துகொண்டு இந்த விசாவை வைத்திருக்க முடியாது.

என்னைப் போன்ற பழையவர்களுக்கு 2028 ஒக்டோபர் 16 வரை அவகாசம். அதுவரை புதிய நிபந்தனை நிறைவேறாவிட்டாலும் தொழிலின் நிலையைப் பார்த்து முடிவெடுப்பார்கள். நாங்கள் ஒரு ஜப்பானியப் பெண்ணை முழுநேரமாக எடுத்துவிட்டோம். வாகன ஏலத் தாள்கள் எல்லாம் இப்போது அவர் கையில். சேர்ந்த இலாபத்தை மூலதனமாக மாற்றிக்கொண்டு வருகிறோம். மூலதனத்தை இரண்டரைக் கோடி கூட்டினால் பதிவு வரி 0.7 வீதப்படி 175,000 யென். தலைவரியும் 180,000 யென்னாக ஏறும்.

கடை வைத்திருக்கிற எல்லோருக்கும் இந்த விசா தேவையா என்றால், இல்லை. ஜப்பானியக் கம்பனியில் பங்கு வைத்திருக்க விசா வேண்டாம். அங்கே வதிவிடம் உள்ள நம்பிக்கையான ஒருவர் கம்பனியை நடத்த, நீங்கள் குறுகியகால வணிக விசாவில் போய்ப் பொருளைப் பார்த்து, ஒப்பந்தம் போட்டு வரலாம். அதிகபட்சம் 90 நாட்கள், அங்கே சம்பளம் வாங்கக் கூடாது. கொழும்புக்கு மட்டும் பாகம் இறக்குகிறவர்களுக்கு இதுவே போதும். பங்கு ஒப்பந்தத்தை மட்டும் இரண்டு மொழியிலும் எழுதி, இரு நாட்டுச் சட்டத்தரணிகளிடமும் காட்டிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.