ஓநாயா, கொரில்லாவா, காட்டுநாயா, அழுங்கா? ஆப்பிரிக்காவில் பத்து நாளும் ஒரு கேமராவும்

சிங்கத்தையும் யானையையும் சிவிங்கிப்புலியையும் படம்பிடித்து முடித்தவர்களுக்கு ஒரு கட்டத்தில் வேறொரு பசி பிறக்கும். உலகத்தில் சில நூறோ சில ஆயிரமோதான் எஞ்சியிருக்கும் ஓர் உயிரை, அது தன் மண்ணில் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது காண வேண்டும் என்ற பசி அது. இதற்காகவே நாலைந்து பேரையோ எட்டுப் பேரையோ அழைத்துப் போகும் சிறு குழு ஒளிப்படப் பயணங்கள் பல நடக்கின்றன. விளம்பரத்தில் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். காட்டில் இறங்கியதும்தான் வேறுபாடு புரியும்.

நான்கு இடங்களை எடுத்துக்கொள்கிறேன்: எத்தியோப்பியாவின் பாலே மலைகள், உகாண்டாவிலும் ருவாண்டாவிலும் இருக்கும் கொரில்லாக் காடுகள், ஜிம்பாப்வேயின் மானா பூல்ஸ், தென்னாப்பிரிக்காவின் ட்ஸ்வாலு. நான்கையும் ஒரே கேள்வியால் அளக்கிறேன். அந்த விலங்கோடு எவ்வளவு நேரம் இருக்க முடியும், அந்த நேரத்துக்கு அந்த விலங்கு என்ன விலை கொடுக்கிறது? நாம் கொடுக்கும் விலை அதற்கு அப்புறம்தான்.

பாலேயில் தொடங்குகிறேன், ஏனென்றால் என் மனம் அங்கேதான் சாய்கிறது. சானெட்டி பீடபூமி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 4,000 மீட்டர் உயரத்தில் விரிந்து கிடக்கிறது. அதன் உச்சியான துல்லு திம்து 4,377 மீட்டர். மரம் கிடையாது. சாம்பல் நிறப் புதர்களும், ஆளுயரத்தைத் தாண்டி நிற்கும் லோபீலியாச் செடிகளும், நடுவே ஒரு மண் சாலையும்தான். அந்த வெளியில்தான் எத்தியோப்பிய ஓநாய் வாழ்கிறது. எத்தியோப்பியாவின் அம்ஹாரிக் மொழியில் அதன் பெயருக்குச் சிவப்பு நரி என்று பொருள். ஒருமுறை பார்த்தால் போதும், அந்தப் பெயர் ஏன் ஒட்டிக்கொண்டது என்று தெரிந்துவிடும். உலகத்தில் சுமார் 500 தான் எஞ்சியிருக்கின்றன. அவற்றில் பாதிக்கு மேல் இந்த மலைகளில் இருக்கின்றன.

ஒளிப்படக்காரருக்கு இதில் இருக்கும் வரம், அந்த ஓநாய் பகலில் வேட்டையாடுவது. அதன் முக்கிய இரை, பாலேயைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பெருந்தலை வளை எலி. வெயில் தரையைச் சூடாக்கியதும் எலி வளையிலிருந்து தலையை நீட்டிப் புல்லை இழுக்கும். ஓநாய் வயிறு தரையில் படுமளவுக்குத் தாழ்ந்து, ஒவ்வோர் அடியாக நகரும். பக்கத்திலேயே ஒரு சிறு பறவை எலி கிளறிய மண்ணில் பூச்சி தேடிக்கொண்டிருக்கும்; ஆபத்து வந்தால் அதுதான் முதலில் கத்தும். அந்தக் கத்தலுக்கு எலி உள்ளே போய்விட்டால் ஓநாய் அரை மணி நேரம் அசையாமல் காத்திருக்கவும் கூடும். நீங்களும் வண்டியில் காத்திருக்கலாம். யாரும் கடிகாரம் பார்க்க மாட்டார்கள்.

வேட்டைக்குத் தனித்தனியாகப் போனாலும் இவை கூட்டமாக வாழ்பவை. விடியலில் கூட்டம் ஒன்றுகூடி, ஒன்றையொன்று முகர்ந்து, குரல் கொடுத்து, எல்லையைச் சுற்றிவரக் கிளம்பும். வேட்டைப் படத்தைவிட இந்த விடியல் சந்திப்பைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். 2024-இல் வெளியான ஓர் ஆய்வு இன்னொன்றையும் பதிவு செய்தது: இந்த ஓநாய்கள் மலையில் பூக்கும் செந்நிற, மஞ்சள் நிறப் பூக்கதிர்களை நக்கித் தேன் குடிக்கின்றன. ஊன் உண்ணும் பெரிய விலங்கு ஒன்று பூவின் முன் நின்று, மகரந்தம் அப்பிய மூக்கோடு திரும்பிப் பார்ப்பதை நினைத்துப் பாருங்கள்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். மேலே மூச்சு வாங்கும். முதல் நாள் தலைவலி வந்தால் வியப்பதற்கில்லை. உலர் காலமான நவம்பர் முதல் பிப்ரவரி வரை இரவில் நீர் உறையும். பத்து மணிக்கு மேல் வெளிச்சம் கூர்மையாகிவிடும். தொலைவில் இருப்பதெல்லாம் அனலில் நெளியும். விடுதிகள் எளிமையானவை. அடிஸ் அபாபாவிலிருந்து சாலை வழியாக ஏறக்குறைய 400 கிலோமீட்டர். எல்லாவற்றுக்கும் மேலாக, பாலே இருக்கும் ஒரோமியா மாநிலத்தின் பல பகுதிகளில் ஆயுத மோதல்கள் இருந்துவருகின்றன. பணம் கட்டுவதற்கு முன்பும், புறப்படும் வாரத்திலும் நிலவரத்தை விசாரிக்காமல் போகக் கூடாது.

இந்த ஓநாயை அழிப்பது துப்பாக்கி அல்ல, மேய்ப்பர்களோடு வரும் நாய்களின் வெறிநோய். 2003-04-இல் பாலேயின் வெப் பள்ளத்தாக்கில் பரவியபோது அங்கிருந்த கூட்டங்களில் பெரும்பகுதியே செத்துப்போனது. அதனால்தான் நாய்களுக்கு ஆண்டுக்கணக்கில் தடுப்பூசி போடுகிறார்கள். 2018 முதல் ஓநாய்களுக்கே இறைச்சித் துண்டில் மருந்தை மறைத்து வைத்துக் கொடுக்கிறார்கள். உங்கள் குழுவை அழைத்துப் போகிறவருக்கு இந்தக் கதை தெரியுமா என்று கேளுங்கள். தெரிந்தவர் ஓநாய்க்கு ஒரு ரொட்டித் துண்டைக்கூட எறிய விடமாட்டார்.

இப்போது கொரில்லா. பலருக்கும் இதுதான் வாழ்நாள் கனவு; அந்தக் கனவைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. 2018-இல் முடிந்த கணக்கெடுப்பின்படி மலைக் கொரில்லாக்கள் 1,063. ஒரு காலத்தில் இருபதாம் நூற்றாண்டையே தாண்டாது என்று அஞ்சப்பட்ட விலங்கு, சுற்றுலாப் பணத்தாலும் காவலர்களின் உழைப்பாலும் எண்ணிக்கையில் ஏறியிருக்கிறது. நான்கு இடங்களில், வருகையாளரின் டாலர் விலங்குக்கு நேராகப் போய்ச் சேர்ந்ததற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை. ருவாண்டா பூங்கா வருமானத்தில் பத்து விழுக்காட்டைச் சுற்றுவட்டார ஊர்களுக்குக் கொடுக்கிறது.

ஆனால் படம் எடுப்பவராகப் பார்த்தால் கணக்கு மாறுகிறது. ஒரு கொரில்லாக் குடும்பத்துக்கு ஒரு நாளில் எட்டுப் பேர், ஒரே ஒரு மணி நேரம். அந்த ஒரு மணிக்கு ருவாண்டாவில் 1,500 டாலர், உகாண்டாவில் 800 டாலர். பத்து மீட்டர் இடைவெளி, முகக்கவசம், ஃபிளாஷ் கூடாது, சளி இருமல் இருந்தால் உள்ளே விடமாட்டார்கள். நம் மூச்சுக்காற்றில் போகும் கிருமி ஒரு குடும்பத்தையே சாய்த்துவிடக்கூடும் என்பதால் இந்த விதிகளில் ஒன்றையும் நான் குறை சொல்லமாட்டேன். கேட்க வேண்டியது வேறு: அந்த அறுபது நிமிடத்தில் எத்தனை நிமிடம் முகம் தெரியும்? உகாண்டாவின் புவிண்டி காட்டில் இலைகள் சுவர்போல நிற்கும். கீழே வெளிச்சம் மாலை மயக்கம்போல. கறுத்த ரோமத்தைக் கேமரா தன் போக்கில் அளந்தால் சாம்பலாக்கிவிடும். ஒளியளவை ஒரு படி இறக்கினால்தான் கருமை கருமையாக வரும். நீளமான லென்ஸ் சுமையாகிவிடும், 70-200 மி.மீ. லென்ஸ் போதும். ருவாண்டாப் பக்கம் மூங்கிலும் திறந்த சரிவுகளும் இருப்பதால் வெளிச்சம் சற்று நன்றாக இருக்கும், தலைநகர் கிகாலியிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். உகாண்டாவின் விமான நிலையம் இருக்கும் என்டபேயிலிருந்து புவிண்டிக்குச் சாலை வழியில் ஒரு முழு நாள் போய்விடும். அந்த வசதிக்குத்தான் ஏறக்குறைய இரு மடங்கு பணம்.

என் தீர்ப்பு இது: ஒரே ஓர் அனுமதிச் சீட்டோடு கொரில்லா படம் எடுக்கப் போகாதீர்கள். அந்த முதல் மணி நேரம் கண்ணுக்கே போய்விடும், போகவும் வேண்டும். அடுத்தடுத்த நாட்களில் இரண்டு சீட்டு எடுக்க முடிந்தால், அதுவும் உகாண்டாவில், அப்போது போகலாம். மனிதர்களுக்கு இன்னும் பழகிக்கொண்டிருக்கும் குடும்பத்தோடு நான்கு பேர் மட்டும் நான்கு மணி நேரம் இருக்கும் ஏற்பாடும் புவிண்டியின் தெற்குப் பகுதியில் உண்டு; விலை அதிகம், நேரமும் அதிகம்.

மானா பூல்ஸ் முற்றிலும் வேறு மனநிலை. சாம்பெசி ஆற்றங்கரைச் சமவெளி. 1984 முதல் உலக மரபுச் சின்னம். இங்கே சாலையை விட்டு வண்டி இறங்கக் கூடாது, ஆனால் மனிதர்கள் இறங்கி நடக்கலாம். அந்த ஒரு விதிதான் இங்கே எடுக்கப்படும் படங்களை மற்ற பூங்காக்களின் படங்களிலிருந்து பிரிக்கிறது. வண்டியின் உயரத்திலிருந்து கீழே பார்த்து எடுத்த காட்டுநாயும், மண்ணில் முழங்கையை ஊன்றி அதன் கண்மட்டத்தில் எடுத்த காட்டுநாயும் ஒரே விலங்காகத் தெரியாது.

நம் செந்நாயை நினைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு ஒரு சொல்: இது வேறு இனம். முன்னங்காலில் நான்கே விரல், தட்டுப்போன்ற வட்டக் காது, கறுப்பும் மஞ்சளும் வெள்ளையும் தெளித்த உடல். ஒன்றின் தெளிப்பு இன்னொன்றுக்கு இராது. ஆப்பிரிக்கா முழுவதிலும் சுமார் 6,600 இருக்கலாம் என்பது மதிப்பீடு. வேட்டைக்குக் கிளம்பும் முன் கூட்டம் தும்முவதை வைத்து முடிவெடுக்கிறது என்று போட்ஸ்வானாவில் நடந்த ஆய்வு 2017-இல் சொன்னது: தும்மல்கள் கூடினால் கிளம்பும் வாய்ப்பும் கூடுகிறது. கரையோரம் உட்கார்ந்து தும்மல்களை எண்ணிக்கொண்டிருப்பதைவிட நல்ல மாலைப்பொழுது எனக்குத் தெரியவில்லை.

வெளிச்சத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் மானாவைச் சொன்னதாகாது. ஆற்றங்கரையில் அல்பிடா மரங்கள். மற்றவை இலை உதிர்க்கும் வறண்ட காலத்தில் இவை இலையோடு நிற்கும். கீழே தூசு, பின்னால் ஆற்றுக்கு அக்கரையில் சாம்பியாவின் மலைத்தொடர் நீலமாக. காலை ஏழு மணிக்கு அந்த மரங்களுக்கு நடுவே எது நடந்தாலும் படமாகிவிடும்.

குட்டிகள் வளையைவிட்டு வெளியே வந்து கூட்டத்தோடு ஓடத் தொடங்கியபின் போவதே முறை. செப்டம்பர், அக்டோபர் அதற்கு ஏற்றவை. அக்டோபர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும், தாங்க முடிந்தவர்கள் மட்டும் போகட்டும். ஜூன், ஜூலையில் வளைக்குப் பக்கத்தில் அழைத்துப் போகிறேன் என்று ஒருவர் ஆசை காட்டினால் அவரோடு எங்கேயும் போகாதீர்கள். கலைக்கப்பட்ட தாய் குட்டிகளை வாயில் கவ்விக்கொண்டு வேறிடம் தேடும். சிங்கமும் கழுதைப்புலியும் காத்திருக்கும் வெளியில்.

நடைப்பயணத்துக்கு உரிமம் பெற்ற, துப்பாக்கி ஏந்திய வழிகாட்டியோடு போங்கள். ஜிம்பாப்வேயில் அந்த உரிமம் பெறுவது மிகக் கடினம், அதனால்தான் அவர்கள் சொல்லுக்கு மதிப்பு. அவருடைய முதுகுக்குப் பின்னால் ஒரே வரிசையில் எத்தனை பேர் சத்தமின்றி நடக்க முடியும்? நான்கு, அதிகம் போனால் ஆறு.

குழுவின் அளவைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். "சிறு குழு, எட்டுப் பேர்" என்று அறிவித்த ஒரு பயணத்தில் நான் ஒரே ஜீப்பில் மூவர் வரிசையின் நடு இருக்கையில் ஐந்து நாள் உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு பக்கமும் அடுத்தவரின் தோளும் லென்ஸும். அன்றிலிருந்து கேட்கும் கேள்வி எத்தனை பேர் என்பதல்ல. ஒரு வண்டிக்கு எத்தனை பேர், ஒரு வரிசைக்கு எத்தனை பேர் என்பதுதான். பாலேயில் ஒரு வண்டிக்கு மூவருக்கு மேல் ஏற்றினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கடைசியாக ட்ஸ்வாலு. கலஹாரியின் செம்மணலில் ஒரு லட்சம் ஹெக்டேருக்கும் மேல் பரந்த தனியார் காப்பகம். நான்கில் மிகச் செலவானது, மிக உறுதியற்றதும். இங்கே தேடுவது அழுங்கும், கரையான் தின்று வாழும் நீள்மூக்கு விலங்கான ஆர்ட்வார்க்கும். அழுங்கை நமக்குத் தெரியும். எறும்புத்தின்னி என்று சொல்லி நம் காடுகளிலும் திருட்டு வேட்டைக்குப் பலியாகும் அதே குடும்பம். ஆப்பிரிக்காவின் நான்கு இனங்களில் ஒன்றான இங்குள்ள அழுங்கு, பின்னங்காலில் எழுந்து, முன்கைகளை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு நடக்கும். 2016-இல் எட்டு அழுங்கு இனங்களின் சர்வதேச வணிகமும் தடைசெய்யப்பட்டது, வேட்டை நிற்கவில்லை.

வழக்கமாக இரவில் நடமாடும் இவை, குளிர்காலமான ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மாலை வெயிலிலேயே வெளியே வருவதுண்டு. அந்தச் சாய்ந்த ஒளியில் செம்மணலில் ஒரு ஆர்ட்வார்க் நடந்துவரும் படம் ஒவ்வோர் ஒளிப்படக்காரரின் கனவுப் பட்டியலிலும் இருக்கிறது. ஆனால் இதே கலஹாரியில் ஆர்ட்வார்க்குகளுக்குள் கருவி பொருத்திக் கண்காணித்த ஆய்வாளர்கள் கண்டதை ஒருமுறை படித்தவர்களால் மறக்க முடியாது. 2013 கோடையின் வறட்சியில் கரையான்கள் குறைந்தன. பட்டினியில் உடல் சூடு இறங்கியது. வெயிலின் கதகதப்பைத் தேடி அவை பகலில் வெளியே வந்தன. கண்காணிப்பில் இருந்தவற்றில் ஒன்றைத் தவிர மற்றவை இறந்துபோயின. வறண்ட கோடையின் நண்பகலில் மெலிந்த ஆர்ட்வார்க் ஒன்று நம் முன் நின்றால், நமக்குக் கிடைத்திருப்பது அதிர்ஷ்டமாக இராது. அப்போது கேமராவை இறக்கி வண்டியைத் திருப்பச் சொல்லும் வழிகாட்டியை நான் நம்புவேன். ட்ஸ்வாலுவுக்குக் குளிர்காலத்தில், வெறுங்கையோடு திரும்பினாலும் மனம் கோணாதவர்கள் மட்டும் போகலாம்.

ஆக, ஒரே ஒரு பயணத்துக்குத்தான் காசு இருக்கிறது என்பவருக்கு, வழி அமைதியாக இருக்கும் ஆண்டில் பாலே. நடக்கத் தெம்பும், செப்டம்பரில் விடுப்பும் இருப்பவருக்கு மானா. எத்தியோப்பிய நிலவரம் சரியில்லாவிட்டால் நான் போவதும் அங்கேதான். பார்த்தால் போதும், படம் இரண்டாம்பட்சம் என்பவருக்குக் கொரில்லாவை விஞ்சியது கிடையாது.

இந்தியாவிலிருந்து போகிறவர்கள் மறக்கும் ஒரு வேலை மீதமிருக்கிறது. எத்தியோப்பியாவுக்கோ உகாண்டாவுக்கோ போய்த் திரும்புகிறவர்களிடம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாவிட்டால், இங்கே இறங்கியதும் ஆறு நாள் வரை தனிமைப்படுத்திவிடுவார்கள். ஊசி போட்டு பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். விமான டிக்கெட் வாங்கும் அன்றே அதற்கும் நாள் குறித்துக்கொள்ளுங்கள்.