மெரினா மரப்பாதை: நாலு நட்சத்திரம், ஒன்று பிடித்தம்

விவேகானந்தர் இல்லம் பக்கம் மெரினா மணலில் போட்டிருக்கும் மரப்பாதைக்குப் போன வாரம் ஆறாவது முறையாகப் போய் வந்தேன். நடக்கிறவர்களின் ரிவ்யூ எல்லாம் போட்டோ நன்றாக வருவதைப் பற்றியே இருக்கிறது. எங்களுக்காகப் போட்ட பாதை, எங்கள் தரப்பிலும் ஒன்று இருக்கட்டும்.

என்னைப் பற்றித் தேவையான அளவு: ஒன்றரை வயதில் போலியோ. இரண்டு கால், வலது கை, முதுகு எல்லாம் போயிற்று. இடது கையில் மூன்று விரல் பாக்கி. அந்த மூன்றில்தான் நாற்காலியின் ஜாய்ஸ்டிக், அந்த மூன்றில்தான் 28 வருடமாக ஊராருக்கு வருமான வரிக் கணக்கு. சாயாமல் உட்கார நெஞ்சில் ஒரு பெல்ட்.

வீடு திருவல்லிக்கேணி. கடல் கூப்பிடு தூரம். ஆறு வயதில் அம்மா இடுப்பில் தூக்கிப்போய்க் காட்டியதோடு சரி, அப்புறம் நான் கனத்துவிட்டேன். நாற்பது வருடம் சாலையோரத்திலிருந்து பார்த்த கடல்தான். மணலில் நாற்காலியை இறக்கினால் முன் சக்கரங்கள் புதையும், பின் சக்கரங்கள் குழி தோண்டும், நாலு பேர் ஓடி வந்து தூக்குவார்கள். டிசம்பரில் மாற்றுத்திறனாளிகள் தினத்தை ஒட்டிச் சில நாள் தற்காலிகப் பாதை போடுவார்கள். அந்த நாட்கள் பார்த்து எனக்குச் சளி பிடிக்கும். என் நெஞ்சுக்குச் சளி என்றால் சாதாரண விஷயம் இல்லை.

நிரந்தரப் பாதையை 2022 நவம்பர் 27 அன்று திறந்தார்கள். 263 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், செலவு 1.14 கோடி ரூபாய். நான் நாள் பார்த்துக்கொண்டிருந்தபோதே, பன்னிரண்டு நாளில் மாண்டஸ் புயல் வந்து கடல் பக்கத்துப் பலகைகளைப் பெயர்த்துவிட்டது. டிவியில் அதைப் பார்த்துவிட்டு அம்மா, "உன் ராசிடா" என்றாள். சரிசெய்த பிறகு ஒரு காலை ஆறு மணிக்கு அக்கா பையனோடு கிளம்பினேன்.

பாதை நன்றாகவே இருக்கிறது. இரண்டு நாற்காலி எதிரெதிரே வந்தாலும் தாராளமாகப் போகலாம். பக்கக் கம்பி இருப்பதால் விழும் பயம் இல்லை. ஆனால் பலகை இடுக்கில் சக்கரம் ஏறி இறங்குவது டகடகவென்று கழுத்து வரை தெரிகிறது. என்னைப் போல முதுகு நிற்காதவர்கள் ஸ்பீடு இரண்டுக்கு மேல் போக வேண்டாம். காற்றில் மணல் ஏறிக் கிடக்கும் இடத்தில் இன்னும் மெதுவாக.

ஞாயிறு சாயங்காலம் மட்டும் போகாதீர்கள். பாதி ஊர் செல்பி எடுத்துக்கொண்டு நிற்கும். ஹாரன் அடித்தால் திரும்பிப் பார்த்து, முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு ஒதுங்குகிறார்கள். சோகம் வேண்டாம், வழி போதும். ஒரு அம்மா பத்து ரூபாயை என் மடியில் வைத்துவிட்டுப் போனார். சுண்டல் வாங்கிவிட்டோம். கணக்கில் காட்டவில்லை.

இன்னொருவர் என்னை விட்டுவிட்டு அக்கா பையனிடம், "அவருக்குக் காலில் உணர்ச்சி இருக்குமா தம்பி?" என்றார். "அவரையே கேளுங்கண்ணா" என்றான். இருக்கும் என்றேன். பலருக்கு இது தெரியாது. போலியோ தசையை அசைக்கும் நரம்பைத்தான் கெடுக்கும், தொடு உணர்வை விட்டுவிடும். என் கால் நகராதே தவிர, கொசு கடித்தால் துல்லியமாகத் தெரியும், அடிக்கத்தான் முடியாது.

இப்போது பிடித்தத்துக்கு வருகிறேன். பாதை கடைசியில் ஒரு மேடையில் முடிகிறது. நான் முதலில் போன அன்று அலை அங்கிருந்து பத்திருபது அடி தள்ளி நின்றது. நடக்கிறவர்களுக்கு அது தூரமே இல்லை. எனக்கு அது பழைய மணல், பழைய குழி. நாற்காலி மோட்டாருக்கு உப்புத் தண்ணீர் வேறு ஆகாது. பையன் கொஞ்ச நேரம் யோசித்தான், குடிக்க வைத்திருந்த தண்ணீரைக் கொட்டினான், காலிப் பாட்டிலோடு அலைக்கு ஓடினான். திரும்பி வந்து என் சாக்ஸைக் கழற்றி இரண்டு பாதத்திலும் மெல்ல ஊற்றினான்.

என் கால் எப்போதும் சில்லென்றே இருக்கும், ரத்த ஓட்டம் அப்படி. அதனால் கடல் எனக்கு வெதுவெதுப்பாக இருந்தது! விரல் இடுக்கில் கொஞ்சம் மணல் தங்கியது. துடைக்க வந்தவனை இருக்கட்டும் என்றேன்.

"போதுமா மாமா?"

"இன்னொரு பாட்டில்."

நாலு தடவை ஓடினான். போகிறவர்கள் ரெண்டு லிட்டர் பாட்டிலாக எடுத்துப் போங்கள், அரை லிட்டர் பத்தாது.