வீடியோ டேப்பா, ஒழுகும் கூரையா?

ஜப்பானியப் பேய்க்குப் பாழடைந்த பங்களா தேவையில்லை. வீட்டுச் சாமானே போதும். ஹிடியோ நகாட்டா இயக்கிய ‘ரிங்’ (1998), ‘டார்க் வாட்டர்’ (2002) இரண்டும் அப்படித்தான். இரண்டுக்கும் மூலக்கதை கோஜி சுசுகியுடையது.

‘ரிங்’கில் ஒரு வீடியோ டேப். பார்த்து முடித்ததும் போன் அடிக்கும். ஏழு நாளில் சாவு. துப்பறியும் கதை போல விறுவிறுவென்று ஓடும். பேயாக வரும் சதாகோவின் அந்த வெட்டி இழுக்கும் நடைக்காக நடிகையைப் பின்னோக்கி நடக்கவிட்டு, படத்தைத் திருப்பி ஓட்டியிருக்கிறார்கள். ஆனால் டேப்பையே பார்த்திராதவர்களுக்குப் பயம் கொஞ்சம் குறையலாம்.

‘டார்க் வாட்டர்’ நிதானமானது. விவாகரத்து நடந்துகொண்டிருக்க, மகளைத் தன்னிடமே வைத்துக்கொள்ளப் போராடும் யோஷிமி, பழைய அடுக்குமாடி வீடொன்றில் குடியேறுகிறாள். கூரையில் ஈரக்கறை. அது பெரிதாகிறது, அப்புறம் சொட்டுகிறது. புகார் சொன்னால் கட்டிட மேலாளர் அசைவதில்லை. வேண்டாமென்று போட்ட சிவப்புக் குழந்தைப் பை மறுபடி வந்து கிடக்கிறது. பேய் ஒருபக்கம் இருக்கட்டும், மகளைப் பறிகொடுத்துவிடுவோமோ என்ற பதற்றமே பாதிப் படத்தைத் தாங்குகிறது. வாடகை வீட்டில் இருந்தவர்களுக்கு அந்த ஒழுகல் நன்றாகவே புரியும்.

நண்பர்களோடு கூடிப் பார்க்க ‘ரிங்’. தனியாகப் பார்ப்பதென்றால் என் ஓட்டு ‘டார்க் வாட்டர்’க்கு. மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி உள்ளவர்கள் பகலில் பார்த்துவிடுவது நல்லது.