முசிறி கோரைப்பாய்: ஒரு வருஷம் படுத்துப் பாத்துட்டு எழுதுறேன்

போன சித்திரைல வாங்குனது. எங்க வீடு திருச்சில, மேல வெறும் மொட்டை மாடி தான், பகல் பூரா குடிச்ச வெயில காங்கிரீட் நடுராத்திரி வரைக்கும் உள்ள இறக்கிட்டே இருக்கும், அக்னி நட்சத்திரம் முடியுற வரைக்கும் ஃபோம் மெத்தைல முதுகு நனைஞ்சு எந்திரிச்சு உக்காந்துருப்பேன். 3 மணிக்கு மேல கண்ணசந்தா காலைல தண்ணி வர்ற நேரம் போயிடும், மத்தியானம் ஆபீஸ்ல கண்ணு சொருகும், சாயங்காலம் புள்ளைங்க கிட்ட எரிஞ்சு விழுவேன். அது தான் ரொம்ப வருத்தமா இருந்துச்சு.

"மெத்தை சூட்டைப் பிடிச்சு வெச்சுக்கும், பாயப் போட்டு தரைல படும்மா"ன்னு அத்தை சொன்னாங்க. நெசம் தான். தூக்கம் வரணும்னா உடம்போட உள்சூடு கொஞ்சம் இறங்கணும், ஃபோம் அத வெளிய விடாது. கோரை வேர்வைய இழுத்துக்குது, கீழ மொசைக் தரை சூட்ட வாங்கிக்குது.

முசிறி போயி தறி வெச்சுருக்கவங்க கிட்டயே வாங்குனோம், 4க்கு 6 அடி, 700 ரூபா. காவிரிக் கரைல வெளையுற கோரை. கடைல பாக்க இதே மாதிரி பிளாஸ்டிக் பாய் தொங்கும், ஏமாந்துடாதீங்க, வேர்த்தா அப்படியே உடம்புல ஒட்டும். மோந்து பாருங்க, புதுக் கோரைல காஞ்ச புல்லு வாசம் வரும். பத்தமடைப் பாய் வேற ரகம், பட்டு மாதிரி மெல்லிசு, கல்யாணத்துக்குப் பொண்ணு மாப்பிள்ளை பேரெல்லாம் போட்டு நெய்வாங்க, தெனமும் படுக்க அவ்வளவு வெலை குடுக்கத் தேவையில்ல.

முதல் 2 நாள் இடுப்பு வலிச்சுது, கையில எல்லாம் பாய்த் தடம். மேல பழைய பருத்திச் சேலைய மடிச்சுப் போட்டேன், சரியாப் போச்சு. மூணாவது நாள் 11 மணிக்குப் படுத்தவ 5 மணிக்கு தானா முழிச்சேன், எத்தனை நாளாச்சு அப்படி முழிச்சு! அதுக்கப்புறம் அடுப்படி சூடாகுறதுக்குள்ள 7 மணிக்கெல்லாம் சமையல முடிச்சுடுறேன், மத்தியானம் ஆபீஸ்ல டீ இல்லாமலே ஓடுது.

ஆனா இத வருஷம் பூரா போட்டுப் படுக்க முடியாது, அத யாரும் சொல்ல மாட்டேங்குறாங்க. ஐப்பசி மழைல பாய் நமத்துப் போச்சு, ஓரத்துல கருப்புப் பூஞ்சை புள்ளி புள்ளியா வந்துடுச்சு, துடைச்சு ரெண்டு நாள் வெயில்ல நிறுத்தி வெச்சு தான் காப்பாத்துனேன். மார்கழில தரைக் குளிர் நேரா முட்டிக்கு ஏறும், கீழ ஜமுக்காளம் விரிச்சும் அத்தைக்கு ஆகல, கட்டிலுக்கே போயிட்டாங்க. நானும் தான், குளிருக்கு அடக்கமா மெத்தை நல்லாத்தான் இருந்துச்சு. எங்க வீட்டுக் கணக்குப்படி பங்குனில இருந்து புரட்டாசி வரைக்கும் பாய், மத்த மாசம் மெத்தை.

மடிக்காதீங்க, கோரை ஒடிஞ்சுடும், சுருட்டித்தான் வைக்கணும். ஓரத்துல அடிச்ச துணி ஒரு பக்கம் பிரிஞ்சுடுச்சு, தையல் மட்டும் இன்னும் கெட்டியா போட்டுருக்கலாம். 5க்கு 4 ஸ்டார் குடுப்பேன். இந்தப் பங்குனிக்கு புள்ளைங்களுக்கும் 3க்கு 6ல ரெண்டு வாங்கப் போறேன்.