கனநீர் உலை, ரஷ்ய உலை, ஈனுலை: எது எங்கே சிக்கும்?

2047க்குள் 100 கிகாவாட் அணுமின்சாரம் என்று 2025 பட்ஜெட்டில் இலக்கு வைத்தாகிவிட்டது. இன்று கையில் இருப்பது சுமார் 8.8 கிகாவாட். மீதியை எந்த உலையால் நிரப்புவது என்பதில் மூன்று கட்சிகள் உண்டு. ஹைட்ரஜனின் கனமான வகையைக் கொண்ட தண்ணீரை, அதாவது கனநீரைப் பயன்படுத்தும் உள்நாட்டு 700 மெகாவாட் உலையை வரிசையாகக் கட்டு என்பது ஒன்று. கூடங்குளத்தின் ரஷ்ய உலைபோல் ஆயிரம் மெகாவாட் உலைகளை வெளியிலிருந்து வாங்கு என்பது இன்னொன்று. எரிக்கும்போதே புது எரிபொருளையும் உண்டாக்கும் கல்பாக்கத்து ஈனுலைதான் எதிர்காலம் என்பது மூன்றாவது. விலையை மட்டும் வைத்துப் பார்த்தால் இந்த வழக்கு தீராது. ஒவ்வொன்றும் எங்கே சிக்கும் என்று பார்த்தால் ஓரளவு தெளியும்.

முதலில் யுரேனியக் கணக்கு. 700 மெகாவாட் கனநீர் உலை வெப்பமாகத் தருவது 2,166 மெகாவாட். இயற்கை யுரேனியத்தையே எரிப்பதால் ஒரு டன்னிலிருந்து கிடைப்பது சுமார் 7,000 மெகாவாட்-நாள்தான் (ஒரு மெகாவாட் ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு மெகாவாட்-நாள்). 85 சதவீதத் திறனில் ஓடினால் ஆண்டுக்குச் சுமார் 96 டன் வேண்டும். கூடங்குளம் உலையின் வெப்பத்திறன் 3,000 மெகாவாட். அது 4 சதவீதம்வரை செறிவூட்டிய, அதாவது எளிதில் பிளவுபடும் யுரேனியம்-235இன் பங்கை உயர்த்திய யுரேனியத்தை எரித்து டன்னுக்கு நாற்பதாயிரத்துக்கு மேல் கறக்கிறது. அதனால் ஆண்டுக்கு 22 டன்னே போதும். பார்க்கச் சிக்கனம்போலத் தெரியும். ஆனால் அந்த 22 டன்னைச் செறிவூட்ட எங்கோ ஓர் ஆலையில் 175 டன்னுக்கு மேல் இயற்கை யுரேனியம் போட வேண்டும். மெகாவாட்டுக்கு வகுத்துப் பார்த்தால் தோண்டியெடுத்த யுரேனியத்தைக் கனநீர் உலைதான் கால்வாசி அளவுக்குக் குறைவாகத் தின்கிறது. கழிவில் கணக்கு தலைகீழ். அதே மின்சாரத்துக்குக் கனநீர் உலை வெளியே தள்ளும் எரிந்த எரிபொருள், எடையில் ஆறு மடங்கு. அதற்கேற்பக் குளமும் கொட்டகையும் வேண்டும்.

கனநீர் உலையின் உடம்பு மற்றதைப்போல் ஒரே பெரிய பானை அல்ல. 700 மெகாவாட் உலையில் 392 கிடைக்குழாய்கள். ஒவ்வொன்றிலும் அரை மீட்டர் நீளத்தில், 37 குச்சிகள் கொண்ட 12 எரிபொருள் கட்டுகள். ஹைதராபாத்தின் அணு எரிபொருள் வளாகம் இவற்றைச் செய்கிறது. குழாயின் இரு முனையிலும் எரிபொருள் மாற்றும் இயந்திரம் ஒன்று கவ்வும். ஒன்று புதுக் கட்டைத் தள்ள, மற்றது எரிந்ததை வாங்கிக்கொள்ளும். உலை முழுத் திறனில் ஓடிக்கொண்டிருக்கும்போதே இது நடக்கும். நாளுக்குப் பத்துப் பதினைந்து கட்டு இப்படி மாறும். கைகா-1 உலை 962 நாள் நிற்காமல் ஓடி 2018இல் உலகச் சாதனை வைத்தது இதனால்தான். எரிபொருள் போட உலையை நிறுத்தியே ஆக வேண்டிய வகைக்கு அப்படிப்பட்ட ஓட்டம் வாய்க்காது.

சிக்கலும் அதே குழாய்களில்தான். சிர்க்கோனியக் கலவைக் குழாய் ஆண்டுக்கணக்கில் வெப்பத்திலும் நியூட்ரான் அடியிலும் நீளும், தொய்யும், ஹைட்ரஜனை உறிஞ்சும். அழுத்தக் குழாய் வெளிக்குழாயைத் தொட்டுவிடாமல் நடுவில் சுருள்வளையங்கள் பிடித்திருக்கும். பழைய உலைகளில் அந்த வளையம் இடம் நகர்ந்தால் உள்குழாய் தொய்ந்து வெளிக்குழாயைத் தொடும். தொட்ட இடம் குளிரும். ஹைட்ரஜன் அங்கே குவியும். கொப்புளம், பிறகு விரிசல். இந்தத் தேய்மானத்துக்காகவே ஒரு கட்டத்தில் எல்லாக் குழாய்களையும் உருவி மாற்ற வேண்டியிருக்கிறது. அதற்கு ஆண்டுக்கணக்கில் உலை நிற்கும். 2016 மார்ச் 11 அன்று காக்ராபார்-1இல் குளிர்விப்புக் கனநீர் கசிந்தது. விரிசல் விட்டிருந்தது ஓர் அழுத்தக் குழாய். கசிவது வெறும் நீரும் அல்ல. விலை உயர்ந்த கனநீர், அதுவும் டிரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜன் ஏறியது. மணுகுரு, கோட்டா ஆலைகள் ஹைட்ரஜன் சல்பைடு வழியாக இந்தக் கனநீரைப் பிரித்தெடுக்கின்றன. ஓர் உலையை நிரப்ப நூற்றுக்கணக்கான டன் வேண்டும்.

ஆனால் இந்த வகை உலை இந்தியாவில் பேரழிவுக்கு மிக அருகே போனது குழாயால் அல்ல, டர்பைனால். 1993 மார்ச் 31, நரோரா அணுமின் நிலையம். டர்பைனின் கடைசி வரிசை இலைகள் முறிந்து, ஹைட்ரஜன் கசிந்து தீப்பிடித்தது. மாற்று மின்கம்பிகளும் ஒரே வழியில் போயிருந்ததால் எல்லாம் சேர்ந்து எரிந்தன. 17 மணி நேரம் நிலையத்தில் மின்சாரமே இல்லை. ஊழியர்கள் டார்ச் வெளிச்சத்தில் ஏறிப்போய் கையால் வால்வைத் திறந்து, நியூட்ரானை விழுங்கி உலையை அடக்கிவைக்கும் போரான் கரைசலை உள்ளே விட்டார்கள். டீசல் தீயணைப்புப் பம்புகள்தான் நீராவிக் கலன்களுக்குத் தண்ணீர் கொடுத்தன. உலையின் வடிவமைப்பைப் பற்றிப் பக்கம் பக்கமாக வாதாடுகிறவர்கள் கம்பி எந்த வழியாகப் போகிறது என்று கேட்பதில்லை.

கூடங்குளத்துக்கு வருவோம். 1988இல் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் அது. கட்டுமானம் தொடங்கியது 2002இல், முதல் உலை வணிக உற்பத்திக்கு வந்தது 2014 கடைசி நாளில். 163 அறுகோண எரிபொருள் தொகுதிகள் ஒரே எஃகுக் கலனுக்குள் இருக்கும். எரிபொருள் மாற்ற உலையை நிறுத்தி, குளிரவிட்டு, மூடியைக் கழற்ற வேண்டும். கலன் ஒன்றே என்பதால் குழாய் குழாயாக மாற்றும் தொல்லை இல்லை. அந்தக் கலன் நியூட்ரான் அடியில் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிட்டால் மாற்றவும் வழியில்லை. பாதுகாப்பு ஏற்பாட்டில் இது ஒரு படி மேல் என்று ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். இரட்டைக் கூடு, மின்சாரமே இல்லாவிட்டாலும் காற்றோட்டத்தில் வெப்பத்தை வெளியேற்றும் அமைப்பு, உருகிய மையத்தை ஏந்திக்கொள்ளும் தொட்டி எல்லாம் இதில் உண்டு.

இதன் சிக்கல் எரிபொருள் ஒப்பந்தம். அந்த 22 டன் ரஷ்யாவிலிருந்து வர வேண்டும். மின்நிலையங்களுக்குப் போதுமான செறிவூட்டும் ஆலை இந்தியாவிடம் இல்லை. தாராப்பூர் கதை மறந்திருக்கக்கூடாது. அமெரிக்கா கட்டிக்கொடுத்த அந்த உலைகளுக்கு, 1974 போக்ரான் வெடிப்புக்குப் பிறகு எரிபொருள் நின்றது. பிரான்ஸ், சீனா, ரஷ்யா என்று கதவு கதவாகத் தட்டித்தான் ஓட்ட வேண்டியிருந்தது. கனடாவும் அதே காரணத்துக்காக ராஜஸ்தானின் இரண்டாவது உலையைப் பாதியில் விட்டுப் போனது. அந்தப் பாதியை முடிக்கக் கற்றதுதான் இன்றைய கனநீர் உலைத் தொழில்.

எரிந்த எரிபொருளிலும் ஒரு முடிச்சு. முதல் ஒப்பந்தத்தில் அது ரஷ்யாவுக்கே திரும்பிப் போவதாக இருந்தது. பிறகு இந்தியாவே வைத்துக்கொள்வது என்று மாறியது. வளாகத்துக்குள்ளேயே தனிச் சேமிப்புக் கூடம் கட்டும் யோசனைக்குக் கடற்கரை ஊர்களில் எழுந்த எதிர்ப்புக்கு மூலம் அங்கேதான்.

செலவு: 2017இல் ஒப்புதல் பெற்ற பத்துக் கனநீர் உலைகளுக்கு 1,05,000 கோடி. மெகாவாட்டுக்கு 15 கோடி. கூடங்குளம் 3, 4க்கு 39,849 கோடி, மெகாவாட்டுக்குச் சுமார் 20 கோடி. 5, 6க்கு 49,621 கோடி, கிட்டத்தட்ட 25 கோடி. இவை காகித மதிப்பீடு. முதல் இரண்டு கூடங்குளம் உலைகள் 13,171 கோடியில் தொடங்கி 22,462 கோடியில் முடிந்ததை வைத்து மற்றதை ஊகிக்கலாம்.

ஈனுலையை இந்த இரண்டோடும் மெகாவாட் விலையில் ஒப்பிடுவதே தவறு. கல்பாக்கத்து 500 மெகாவாட் உலை மின்நிலையம் என்பதைவிட எரிபொருள் தொழிற்சாலை என்பதே பொருத்தம். கட்டுமானம் தொடங்கியது 2004 அக்டோபரில். இரண்டு மாதத்தில் சுனாமி அஸ்திவாரக் குழியை நிரப்பியது. 2010இல் முடியும் என்றார்கள். மையத்தில் தொகுதிகளை இறக்கத் தொடங்கியதே 2024 மார்ச்சில்.

தண்ணீருக்குப் பதில் திரவ சோடியம், ஆயிரம் டன்னுக்கு மேல். மையத்துக்குள் 397 டிகிரியில் நுழைந்து 547இல் வெளியேறும். 98 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். ஆகவே உலை ஓடாதபோதும் குழாய்களைச் சூடாக்கிக்கொண்டே இருக்க வேண்டும். காற்றுப் பட்டால் எரியும், தண்ணீர் பட்டால் வெடிக்கும். ஆனால் நீராவிக் கலனில் சோடியத்தையும் தண்ணீரையும் பிரிப்பது ஒரு மெல்லிய குழாய்ச் சுவர்தான். சோடியத்துக்குள் கண்ணுக்கு எதுவும் தெரியாது. கீழே விழுந்த நட்டைத் தேடக்கூட மீயொலிதான் வேண்டும். ஜப்பானின் மோன்ஜு ஈனுலையில் 1995இல் ஒரு வெப்பமானியின் உறை அதிர்வில் முறிந்து நூற்றுக்கணக்கான கிலோ சோடியம் கசிந்தது. அந்த உலை 2010வரை ஓடவில்லை. ஓடிய சில மாதத்தில் எரிபொருள் மாற்றும் கருவி கலனுக்குள் விழுந்தது. 2016இல் மூடிவிட்டார்கள். ரஷ்யாவின் பெலயார்ஸ்க் சோடிய உலை 1980 முதல் ஓடுகிறது என்பதும் உண்மை. ஆக, முடியாத காரியம் அல்ல, மன்னிக்காத காரியம்.

ஈனுலையின் உண்மையான முட்டுக்கட்டை சோடியமும் அல்ல. அதன் எரிபொருளில் முதல் நிரப்புக்கே சுமார் 2 டன் புளூட்டோனியம் வேண்டும். கனநீர் உலையின் எரிந்த எரிபொருளில் டன்னுக்கு மூன்றரை கிலோ சொச்சம்தான் புளூட்டோனியம் இருக்கும். அதாவது 550 டன்னுக்கு மேல் கரைத்துப் பிரிக்க வேண்டும். ஆண்டுக்கு 100 டன் திறன் கொண்ட ஆலைக்கு இது ஐந்தாண்டுக்கு மேலான வேலை. ஆக்சைடு எரிபொருளில் உபரியாகப் பிறப்பதும் சொற்பம். இன்னோர் உலைக்குச் சேர்வதற்குள் ஒரு தலைமுறை போய்விடும்.

இங்கே ஆயுதக் கணக்கு நுழைகிறது. 2006இல் இந்தியா தன் உலைகளைப் பிரித்து 22இல் 14ஐச் சர்வதேச அணுசக்தி முகமையின் கண்காணிப்புக்குள் வைக்க ஒப்புக்கொண்டது. கூடங்குளம் அதற்குள். சென்னை அணுமின் நிலையத்தின் இரண்டு, கைகாவின் நான்கு, தாராப்பூர் 3, 4 ஆகிய எட்டுக் கனநீர் உலைகளும் ஈனுலையும் வெளியே. மின்சாரத்துக்காக முழுசாக எரித்த எரிபொருளில் புளூட்டோனியம்-240 ஏறிவிடும், ஆயுதத்துக்கு உகந்ததல்ல. ஈனுலையின் மையத்தைச் சுற்றியுள்ள யுரேனியப் போர்வையில் பிறப்பதோ ஆயுதத்துக்கு ஏற்ற, கிட்டத்தட்டச் சுத்தமான புளூட்டோனியம்-239. அதை எதற்கு எடுப்பார்கள் என்பதைக் கண்காணிப்புக்கு வெளியே இருக்கும்வரை யாரும் சரிபார்க்க முடியாது. பாகிஸ்தானும் ஆயுதப் பரவல் எதிர்ப்பாளர்களும் ஈனுலையை உற்றுப் பார்ப்பது அதனால்தான், 500 மெகாவாட்டுக்காக அல்ல.

எங்கள் தீர்ப்பு: அடுத்த இருபதாண்டுக்குச் சுமைதூக்கி 700 மெகாவாட் கனநீர் உலைதான். கடற்கரையில் பெரிய தொகுப்பு வேண்டுமானால் கூடங்குளத்தில் தொடங்கியதை முடிக்கலாம். புது நாட்டோடு புது வடிவமைப்பு என்று மறுபடி முதலிலிருந்து தொடங்குவதில் பொருளில்லை. ஆனால் 100 கிகாவாட்டையும் கனநீர் உலையாலேயே நிரப்பலாம் என்பவர்கள் இதைப் போட்டுப் பார்க்கட்டும்: இன்னும் 91 கிகாவாட் என்றால் 130 உலைகள், ஆண்டுக்கு 12,500 டன் யுரேனியம். உலகத்துச் சுரங்கங்கள் எல்லாம் சேர்ந்து எடுப்பதே 50,000 முதல் 60,000 டன். வெளியிலிருந்து யுரேனியம் வாங்க 2008இல் அணுப்பொருள் வழங்கும் நாடுகளின் விலக்கு கிடைக்கும் முன்பு, இப்போதையதில் பாதிகூட இல்லாத திறனுக்கே யுரேனியம் போதாமல் பாதித் திறனில் ஓட்டினார்கள் நம் ஆட்கள்.