ஏஎல் அமிலாய்டோசிஸ்: டாராடுமுமாப் சிகிச்சையில் நான் பட்டதும் பெற்றதும்

கால் வீக்கமும் சிறுநீரில் நுரையும் கடைசியில் கொண்டுபோய் நிறுத்திய இடம் ஏஎல் அமிலாய்டோசிஸ். எலும்பு மஜ்ஜையில் உள்ள பிளாஸ்மா செல்கள் லைட் செயின் என்ற புரதத்தைத் தாறுமாறாகச் சுரக்கின்றன. அது உருக்குலைந்து நாராகி, உறுப்புகளில் படிகிறது. எனக்குச் சிறுநீரகத்தில்.

அந்தச் செல்களை ஒடுக்க டாராடுமுமாப், போர்டெசோமிப், சைக்ளோபாஸ்பமைடு, டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, இந்த நான்கு மருந்தும் சேர்த்துக் கொடுத்தார்கள். இந்த நோய்க்கென்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ முதன்முதலில் அனுமதித்த சிகிச்சை இதுதான், 2021-ல். டாராடுமுமாப் 15 மில்லி மருந்து. வயிற்றுத் தோலுக்கடியில் தாதி நிதானமாக 3 முதல் 5 நிமிடம் ஏற்றுவார். முதல் 8 வாரம் வாராவாரம், 24-வது வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒன்று, அப்புறம் நான்கு வாரத்துக்கு ஒன்று.

ஊசியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், டெக்சாமெத்தசோன்தான் படுத்தி எடுத்தது. அதைப் போட்டுக்கொண்ட அன்று இரவு பொட்டுத் தூக்கம் வராது, சர்க்கரையும் ஏறும். காலைப் பசியாறலோடு போட்டுக்கொண்டால் கொஞ்சம் தேவலாம். போர்டெசோமிபால் கால்விரல்கள் மரத்துப்போயின. சொன்ன உடனே டாக்டர் அளவைக் குறைத்தார். தயவுசெய்து இதைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்காதீர்கள், நரம்பு கெட்டால் திரும்புவது கடினம். அக்கி வராமலிருக்க அசைக்ளோவிர் மாத்திரை தனி.

எதிர்வீட்டு அக்கா அன்பாக கிரீன் டீ வாங்கி வந்தார். மருந்தாளரிடம் கேட்டேன். அதிலுள்ள ஒரு பொருள் போர்டெசோமிபோடு ஒட்டிக்கொண்டு அதை வேலை செய்யவிடாது என்று ஆய்வுக்கூடச் சோதனைகளில் தெரிந்திருக்கிறதாம், தொடவே வேண்டாம் என்றார். மூலிகைப் பொடி, சத்துமாத்திரை எதுவானாலும் கேட்டுவிட்டே சாப்பிடுங்கள்.

சாப்பாட்டில் உப்புதான் எதிரி. ஊறுகாய், அப்பளம், கருவாடு போனது. காப்பிக்கடை மீ கோரெங்கும் போனது. தினமும் காலையில் எடை பார்க்கிறேன், ஏறினால் உடம்பில் நீர் கோத்திருக்கிறது.

பலரும் மனம் தளர்வது இங்கேதான்: ரத்தத்தில் லைட் செயின் சில வாரங்களிலேயே சரசரவென இறங்கியது, ஆனால் சிறுநீரில் புரதம் குறையவே இல்லை. மருந்து புதுப் படிவை நிறுத்துகிறது. பழைய படிவை உடம்புதான் மெல்லக் கரைக்க வேண்டும். எனக்குச் சிறுநீரில் புரதம் குறையத் தொடங்கவே மாதக்கணக்கானது. இப்போது கணுக்காலில் வீக்கம் இல்லை, தேக்கா சந்தையை முழுதாகச் சுற்றி வருகிறேன்.

செலவு பெரிது. முதல் ஊசிக்கு முன்பே மருத்துவச் சமூக ஊழியரைப் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று: ரத்தம் ஏற்றுவதற்கு முன் செய்யும் பொருத்தச் சோதனையை டாராடுமுமாப் குழப்பும், நிறுத்தி 6 மாதம் வரைகூட. இந்த மருந்து எடுப்பதைக் குறிக்கும் நோயாளி அட்டையை எப்போதும் பணப்பையில் வைத்திருங்கள். எந்த மருத்துவமனைக்குப் போனாலும் முதலில் அதைக் காட்டுங்கள்.