வேலையே இல்லாத வேலையை வாங்கித் தந்த சேவை: ஏழு மாத அனுபவம்

"வேலைப்பளு குறைவு, சம்பளம் அதிகம்" என்று சொல்லி ஆள் எடுக்கும் ஒரு வேலைவாய்ப்பு சேவை மூலம் போன வருடம் வேலைக்குச் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், என்னிடம் ஒரு பைசா வாங்கவில்லை, கமிஷன் கம்பெனியே கொடுத்துவிடுகிறது. வீடியோவுக்கு லைக் போட்டால் காசு என்று ஆரம்பித்து, கொஞ்சம் தந்து நம்பவைத்து, அப்புறம் அடுத்த டாஸ்க்கைத் திறக்க நம்மையே பணம் கட்டச் சொல்லும் கும்பல் இல்லை இது. (அந்த மாதிரி மோசடி பற்றி அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான எஃப்டிசிக்கு 2024-இன் முதல் ஆறு மாதத்தில் மட்டும் சுமார் 20,000 புகார்கள் போயின. பணம் கேட்டால் அந்த நிமிடமே வெளியே வந்துவிடுங்கள்.)

சம்பளம் பழையதைப் போல ஒன்றரை மடங்கு, தேதி தவறாமல் வந்தது. சரி, வேலை? வெள்ளிக்கிழமைதோறும் ஒரு எக்செல் ஷீட்டைத் திறந்து, மேலே இருக்கும் தேதியை மாற்றி மூன்று பேருக்கு அனுப்ப வேண்டும். பத்து நிமிடம். மீதி வாரமெல்லாம் சாட்டில் என் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் பச்சைப் புள்ளி மஞ்சளாகிவிடாமல் மவுஸை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஐந்தாவது மாதம் ஒருநாள் தேதியை மாற்ற மறந்து பழைய ஷீட்டையே அனுப்பிவிட்டேன், மூன்று பேரில் ஒருவர்கூட என்ன ஏது என்று கேட்கவில்லை. அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை.

சும்மா உட்கார்ந்திருப்பவனுக்கு என்ன களைப்பு என்று வீட்டில் கேட்டார்கள். வரும், உடம்பே கனத்துப்போகும். இதற்கு போர்அவுட் என்று பெயரே இருக்கிறது. வேலை கொடுக்காமல் உட்காரவைத்தே நோயாளியாக்கிவிட்டார்கள் என்று வழக்குப் போட்ட ஒரு மேலாளருக்குச் சாதகமாக 2020-இல் பாரிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது, பணியிடத் துன்புறுத்தல் என்றே ஏற்றுக்கொண்டது.

எனக்கு அதைவிடப் பெரிய அடி அடுத்த இன்டர்வியூவில் விழுந்தது. "இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள்?" என்றார்கள், சொல்ல ஒன்றுமில்லை, முன்பு கண்ணை மூடிக்கொண்டு செய்த வேலையில் கேட்ட சாதாரணக் கேள்விக்கே தடுமாறினேன். சேவையைக் கூப்பிட்டுச் சொன்னால், "நல்லாத்தானே இருக்கு, ஏன் விடறீங்க?" என்கிறார்கள்.

5-க்கு 2 கொடுக்கிறேன். பரீட்சைக்குப் படிக்கிறவர்கள் ஒரு வருடம் என்று கெடு வைத்துக்கொண்டு போகலாம், மற்றவர்கள் கையெழுத்துப் போடும் முன் இந்த இடத்தில் முன்பு இருந்தவர் கடைசி வாரத்தில் என்ன செய்தார் என்று கேளுங்கள். நான் கேட்காமல் சேர்ந்துவிட்டேன்.